ஓணான் அல்லாத ஓணான்

நியூசிலாந்து நாட்டின் கரையை அடுத்துள்ள சில சிறு தீவுகளில் டுவாட்டாரா என்னும் பிராணி வாழ்கின்றது. ஆண் பிராணி மூக்கு முதல் வால் நுனி வரை ஏறத்தாழ இரண்டு அடி நீளம் இருக்கும். எடை ஒரு கிலோ அளவு. தோலின் நிறம் சாம்பலும் பச்சையும் கலந்தது. கழுத்திலிருந்து முதுகு நெடுகிலும் முட்களைப் போன்ற செதில்கள் வரிசையாக நிமிர்ந்து நிற்கும். அந்நாட்டின் பழங்குடிகளான மாவோரி மக்களின் மொழியில் டுவாட்டாரா என்பதற்கு முதுகில் சிகரங்களை உடையது என்பது பொருள். நம்மவர் ஒருவரிடம் இதன் படத்தைக் காட்டி, "இது என்ன?" என்று வினவினால், அவர் சற்றும் தயங்காமல், "பெரிய ஓணான்" என்பார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. லண்டன் மாநகரத்தின் பிரிட்டிஷ் மியூசியத்தில் விலங்கியல் பிரிவுக்குப் பல்லாண்டுகள் தலைமை வகித்த ஜான் எட்வர்டு கிரே என்னும் அறிஞரும் அவ்வாறே கூறினார்.

கிரே ஒரு முறைக்கு இரு முறையாகத் தவறினார் என்பதுதான் இதில் வேடிக்கை. 1831இல் ஊர் பேர் தெரியாத ஒரு மண்டையோடு அவர் கைக்குக் கிடைத்தது. அதன் பற்களின் அமைப்பைக் கண்டு வியந்து, ஓணான் குலத்தைச் சேர்ந்த ஒரு பிராணியின் தலை என்று முடிவு செய்து, ஆப்புப் பல்லன் எனப் பொருள்படும் ஸ்பீனோடான் என்ற பெயரைச் சூட்டினார். பதினோர் ஆண்டுகள் கழித்து, 1842இல், நியூசிலாந்திலிருந்து வந்த முழு உடல் ஒன்றை ஆராய்ந்தபோது, தாம் முன்னர்ப் பெயரிட்ட தலைக்கு உரிய உடல் அதுவே என்பதை உணராமல், ஹேட்டீரியா என்று மற்றொரு பெயரிட்டார். அதையும் ஓணான்களின் வரிசையிலேயே வைத்தார். இடையில் 1845இல் ரிச்சர்டு ஓவன் என்ற மற்றோர் அறிஞர் மூன்றாவது பெயர் ஒன்றும் கொடுத்தார். பெயருக்குப் பஞ்சமில்லை, பிராணி இன்னதென்பதுதான் எவருக்கும் தெரியவில்லை.

இந்த மயக்கத்தைத் தீர்த்தவர் அதே மியூசியத்தில் கிரேயின் கீழ்ப் பணிபுரிந்த ஆல்பர்ட் குந்தர். ஜெர்மனியில் பிறந்தவர்; மருத்துவம் பயின்றவர். இந்தியாவில் வாழும் நமக்கு இவர் முற்றிலும் அயலார் அல்லர். அந்நாளில் பிரிட்டிஷ் இந்தியா எனப்பட்ட நிலப்பரப்பின் பல்லிகள், ஓணான்கள், பாம்புகள், ஆமைகள் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தி விவரித்து, 1864இல் பெருநூல் ஒன்றை வெளியிட்டவர் இவரே. ஓணான் என்றால் அதன் உள்ளமைப்பு எப்படியிருக்கும் என்பதை எண்ணற்ற உடல்களைப் பார்த்து அறிந்தவர். ஆகையால், ஓணான் அல்லாத ஒன்று ஓணான்களின் நடுவே சாடியில் கிடந்தபோது, அதை அடையாளம் காணும் தகுதி அவருக்கு இருந்தது என்று எண்ணத் தோன்றுகிறது.

குந்தர் கண்டவை யாவை? ஓணானுக்கும் பாம்புக்கும் கீழ்த்தாடையைத் தாங்கும் எலும்பு மண்டையோட்டில் அசையும்படி பொருந்தியிருக்கும். டுவாட்டாராவுக்கோ அது அசையாமல் இறுகியிருக்கிறது. கன்னப் பகுதியில், கண்ணுக்குப் பின்னால், இரண்டு எலும்பு வளைவுகள் முழுமையாக உள்ளன. ஓணானுக்குக் கீழ் வளைவு இல்லை. விலா எலும்புகளில், பறவைகளுக்கு இருப்பது போலப் பின்னோக்கி நீண்ட கொக்கிகள் இருக்கின்றன. வயிற்றுப் புறத்தில், முதலைக்கு இருப்பது போலத் தனி விலா எலும்புகள் காணப்படுகின்றன. முதுகெலும்பின் கண்ணிகள் இருபுறமும் குழிந்திருக்கின்றன. மீனை நினைவூட்டும் அமைப்பு அது.

பற்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மேல்தாடையில் இரண்டு வரிசைப் பற்கள். கீழ்த்தாடையில் ஒரு வரிசை. வாயை மூடும்போது கீழ் வரிசை, மேலுள்ள இரு வரிசைகளின் இடையே பொருந்துகிறது. பின்னர்க் கீழ்த்தாடை முன்னோக்கி நகர்ந்து, வாளால் மரம் அறுப்பது போல இரையை அறுக்கிறது. பற்கள் தாடையின் விளிம்போடு ஒட்டியவை. தேய்ந்தால் புதிதாக முளைப்பதில்லை. முதுமையடைந்த டுவாட்டாரா மழுங்கிய தாடையால் புழு, பூச்சி முதலிய மெல்லிய இரையை உண்டு காலந்தள்ளுகிறது.

இவ்வளவையும் சீர்தூக்கி, 1867இல் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரையில், இப்பிராணி ஓணானும் அன்று, பல்லியும் அன்று. ஊர்வனவற்றுள் தனியானதொரு வரிசையைச் சேர்ந்தது என்று குந்தர் நிலைநாட்டினார். அந்த வரிசைக்கு ரிங்கோகெபாலியா என்று பெயர். அலகுத் தலையுடையவை என்று தமிழில் சொல்லலாம். மேல்தாடையின் முன்பற்கள் கீழ்நோக்கி வளைந்து பறவையின் அலகைப் போலத் தோன்றுவதால் வந்த பெயர் இது. பல்லி, ஓணான், அரணை, உடும்பு, பாம்பு ஆகிய அனைத்தும் சேர்ந்த வரிசையில் இன்று பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. அதற்கு உடன்பிறந்த வரிசையாகிய இதிலோ உயிரோடு எஞ்சியிருப்பது டுவாட்டாரா ஒன்றே.

மூன்றாம் கண்ணைப் பற்றிக் கேள்விப்பட்ட நேயர்கள் அதை நான் சொல்லாமல் விடுவேனோ என்று ஐயுறலாம். 1886இல் பால்டுவின் ஸ்பென்சர் என்பவர், டுவாட்டாராவின் உச்சந்தலை எலும்பில் உள்ள துளையின் அடியில், வில்லையும் விழித்திரையும் நரம்பும் உடைய ஒரு சிறு கண் இருப்பதை விவரித்தார். குஞ்சுப் பருவத்தில் ஒளி புகும் செதிலொன்றின் வழியே அதைக் காணலாம். சில திங்களில் செதில்கள் அதை மூடிவிடுகின்றன. நெற்றிக்கண்ணைப் போல எரிக்கும் ஆற்றலும் அதற்கு இல்லை, உருவங்களைக் காணும் ஆற்றலும் இல்லை. ஒளியை உணர்ந்து நாளையும் பருவத்தையும் அறிய அது உதவுகிறது என்று கருதுகின்றனர். உண்மையில் நம் வேலியோரத்து ஓணானின் தலையிலும் இத்தகைய கண்ணின் சுவடு உண்டு. டுவாட்டாராவில் அது தெளிவாக அமைந்துள்ளது, வேறுபாடு அவ்வளவே. இதைக் கொண்டு அதை அதிசயப் பிராணியாக்கியது பத்திரிகைகளின் வேலை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். குந்தரின் கட்டுரை வெளிவந்து இரண்டு ஆண்டுகள் கழிந்து, 1869இல், தாமஸ் ஹக்ஸ்லி என்னும் புகழ்பெற்ற அறிஞர் ஹைபரோடாப்பிடான் என்ற பழங்காலப் பிராணியைப் பற்றி எழுதினார். ஸ்காட்லாந்தின் எல்ஜின் என்ற ஊரை அடுத்த மணற்பாறைகளில் அதன் எலும்புகள் கிடைத்திருந்தன. 1859இலேயே அவர் அதற்குப் பெயரிட்டிருந்தார். அதன் தலையிலும் அலகு உண்டு. தாடையில் பல வரிசைப் பற்கள் உண்டு. கீழ்த்தாடை மேல்தாடையின் பள்ளத்தில் கத்தி உறையிற் புகுவது போலப் பொருந்தும். டுவாட்டாராவின் பற்களை அப்போதுதான் அறிந்துகொண்ட உலகுக்கு இந்த ஒற்றுமை கண்ணைப் பறித்தது. ஹைபரோடாப்பிடான் அலகுத்தலை வரிசையின் மூதாதைகளுள் ஒன்று என்று ஹக்ஸ்லியும் அவருக்குப் பின் வந்தோரும் கொண்டனர்.

அதே பிராணியின் எலும்புகள் இந்தியாவிலும் அகப்பட்டன. கோதாவரி ஆறும் பிராணஹிதா ஆறும் பாயும் பள்ளத்தாக்கில், இன்றைய தெலங்கானாவின் வடபகுதியில், மலேரி என்ற சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள சிவந்த களிமண் பாறைகளின் எலும்புகளையும் பற்களையும் அறிஞர் உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர்களுள் ஒருவர் ஸ்டீபன் ஹிஸ்லப் பாதிரியார். நாகபுரியில் வாழும் நம்மவர்க்கு அவர் பெயரால் விளங்கும் கல்லூரி தெரிந்திருக்கும். அவர் 1863இல் வெள்ளம் பெருகிய ஓடையொன்றைக் கடக்கும்போது மூழ்கி உயிர் நீத்தார். 1885இல் ரிச்சர்டு லைடெக்கர் மலேரிப் பிராணியை விவரித்து, ஹக்ஸ்லியின் பெயரையே அதற்கு இட்டார். ஆக, டுவாட்டாராவின் உறவினர் இந்தியாவில் வாழ்ந்தனர் என்ற கருத்து அப்போதே ஏற்பட்டுவிட்டது. அதற்குப் பின் பாடநூல்களிலும் நெடுங்காலம் நிலைபெற்றது.

அந்தக் கருத்துக்கு ஆதாரமாக இருந்த எலும்புகள் தவறான எலும்புகள். 1970களிலும் 1980களிலும் மண்டையோட்டையும் கணுக்கால் எலும்புகளையும் நுணுகி ஆராய்ந்தவர்கள், ஹைபரோடாப்பிடானின் குலம் அலகுத்தலை வரிசைக்குச் சிறிதும் உரியதன்று என்று காட்டினர். அதன் அலகு வேறு வகையில் அமைந்தது. பற்களின் ஒற்றுமையும் மேலோட்டமானது. அது முதலைக்கும் பறவைக்குமே நெருங்கிய உறவு. மலேரியின் அலகுப் பிராணி, நியூசிலாந்தின் டுவாட்டாராவைக் காட்டிலும் நம் மயிலுக்கு அணுக்கமான சுற்றம் என்றால் கேட்பவர் நகைப்பர். ஆனால் இன்று ஏற்கப்பட்ட முடிவு அதுதான். ஓணானைப் போல இருப்பது ஓணானன்று என்று கண்டுகொண்ட அறிவியல், அடுத்த அடியிலேயே, அலகு இருப்பதெல்லாம் ஓரினம் என்று நூறாண்டு நம்பிவிட்டது.

உண்மையான உறவினர் அதே ஆற்றுப் பள்ளத்தாக்கிலேயே இருந்தனர். மலேரிப் பாறைகளுக்குப் பின்னர்ப் படிந்த, ஜுராசிக் காலத்துக் கோட்டா அடுக்கு என்ற ஒன்று அங்கு உண்டு. பாராபாசாரஸ் டாகோரை என்ற பெருவிலங்கின் எலும்புகள் கிடைத்த அடுக்கு அது. அவை 1961இல், இரவீந்திரநாத தாகூரின் நூற்றாண்டில் கிடைத்தமையால் அவர் பெயரைத் தாங்குகின்றன. கொல்கத்தாவில் உள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்தின் காட்சிச்சாலையில் அந்த எலும்புக்கூட்டை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வானளாவிய அந்த விலங்கைத் தேடிச் சென்றவர் கண்ணில் அகப்படாத பொருள்களும் அதே அடுக்கில் இருந்தன. பாறைத் தூளை நீரில் கரைத்துச் சல்லடையில் அரித்து, எஞ்சிய மணலை நுண்பெருக்கியின் கீழ் பார்த்தபோது, சில மில்லிமீட்டர் அளவேயுள்ள தாடைத் துண்டுகள் தென்பட்டன. பற்கள் எலும்பின் விளிம்போடு ஒட்டியிருந்தன. 2001இல் சூசன் எவான்ஸ், பிரசாத், மன்ஹாஸ் ஆகிய மூவரும் அவற்றை விவரித்தனர். அலகுத்தலை வரிசையின் மெய்யான உறுப்பினர் இருவர் அவற்றில் இருந்தனர். கோதாவரியின் பெயரால் ஒன்று கோதாவரிசாரஸ் ஆயிற்று. ரெப்பனா என்ற ஊரின் பெயரால் மற்றொன்று ரெப்பனாசாரஸ் ஆயிற்று. உள்ளங்கையில் அடங்கக்கூடிய சிறு பிராணிகள் அவை.

இந்த வரிசையின் முழு வரலாறும் அண்மைக் காலத்திலேயே விளங்கி வருகிறது. 2013இல் ஜெர்மனியின் ஃபெல்பெர்க் என்ற இடத்திலிருந்து விவரிக்கப்பட்ட தாடை, ஏறத்தாழ 24 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. ஜுராசிக் காலத்தில் இவை உலகின் பல பாகங்களிலும் பரவியிருந்தன. எல்லாம் ஓரே அச்சில் வார்த்தவை அல்ல. புளூரோசாரஸ் என்பது நீரில் வாழ்ந்தது. பாம்பைப் போல நீண்ட உடலும் குறுகிய கால்களும் உடையது. பவேரியாவின் சுண்ணாம்புப் பலகைக் கற்களில் அதன் உரு பதிந்திருக்கிறது. 2003இல் அர்ஜென்டினாவிலிருந்து விவரிக்கப்பட்ட பிரியோஸ்பீனோடான் ஒரு மீட்டர் நீளம் வளர்ந்து இலை தழை தின்றது. வட கண்டங்களில் இவ்வரிசை முன்னதாகவே மறைந்தது. தென்னமெரிக்காவில் டைனோசார்கள் அழிந்த பின்னும் சிறிது காலம் நிலைத்தது. நியூசிலாந்தின் செயின்ட் பாதன்ஸ் என்ற இடத்தில் 1.6 கோடி முதல் 1.9 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட தாடைத் துண்டுகள் கிடைத்துள்ளன. 2009இல் அவற்றை வெளியிட்டனர்.

கன்னத்து எலும்பு வளைவைப் பற்றி மேலே சொன்னேன். அது மிகப் பழைமையான அமைப்பு, டுவாட்டாரா அதை மாறாமல் காத்து வந்துள்ளது என்றே எல்லோரும் நம்பினர். 1980களில், இவ்வரிசையின் தொடக்க காலத்து உறவினரின் எலும்புகளை ஆராய்ந்தபோது, அவற்றில் அந்த வளைவு முழுமையாக இல்லை என்பது தெரிந்தது. டுவாட்டாராவின் முன்னோர் அதை இழந்து, பிற்காலத்தில் வாளால் அறுப்பது போன்ற தாடை வேலைக்கு வலிமை தேவைப்பட்டபோது மறுபடி பெற்றனர். ஆதலால் டுவாட்டாராவை உயிருள்ள கற்படிவம் என்று சொல்லும் வழக்கை ஆராய்ச்சியாளர் பலர் இன்று விரும்புவதில்லை. எனக்கும் அச்சொல்லின்பால் மனக்குறை உண்டு. அது அப்பிராணிக்குச் செய்த தீங்கே காரணம்.

குந்தரின் கட்டுரைக்குப் பின்னர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள காட்சிச்சாலைகள் ஒவ்வொன்றும் தனக்கு ஒரு டுவாட்டாரா வேண்டும் என்றன. ஓணான் என்று எண்ணிய வரையில் அதை எவரும் தேடவில்லை. அரிய பொருள் என்று தெரிந்த பின் பிடித்து விற்பவர் தோன்றினர். 1895இல் நியூசிலாந்து அரசு சட்டத்தின் மூலம் அதற்குக் காப்பு அளித்தது. அதற்கு முந்திய ஆண்டில்தான் ஸ்டீபன்ஸ் தீவில் கலங்கரை விளக்கம் ஏற்றப்பட்டது. மாவோரி மொழியில் டாக்காப்பூரேவா எனப்படும் அத்தீவு, டுவாட்டாராக்கள் மிகுதியாக வாழும் இடம். இன்றும் முப்பதாயிரத்துக்குக் குறையாமல் அங்குள்ளன என்பது கணிப்பு. விளக்கத்துக்கு வந்தவரோடு பூனைகளும் வந்தன. அத்தீவுக்கே உரிய பறக்க மாட்டாத சிறு குருவியினம் ஒன்று ஓரிரு ஆண்டுகளில் மறைந்தது. டுவாட்டாரா தப்பியது.

மனிதன் பிடித்துச் சென்றவை சிலவே. மனிதனோடு வந்த எலி அழித்தவை மிகப் பல. பதின்மூன்றாம் நூற்றாண்டளவில் பாலினீசியர் ஓடங்களில் வந்திறங்கியபோது கியோரே என்னும் எலியும் உடன் வந்தது. அது முட்டையையும் குஞ்சையும் தின்னும். வளர்ந்த டுவாட்டாராவை ஒன்றும் செய்யாது. டுவாட்டாராவோ பத்து முதல் இருபது வயதில்தான் பருவமடைகிறது. பெண் இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை முட்டையிடுகிறது. முட்டை பொரிய ஓராண்டு ஆகும். நூறு வயதுக்கு மேலும் வாழ்வது உண்டு. இதனால், எலி புகுந்த தீவில் ஒரு விபரீதம் நிகழ்கிறது. முதிய டுவாட்டாராக்கள் மாலைதோறும் வளையை விட்டு வெளிவந்து உலாவிக்கொண்டேயிருக்கும். பார்ப்பவர் எல்லாம் நலமாக இருப்பதாக எண்ணுவர். பல ஆண்டுகளாகக் குஞ்சு ஒன்றும் பிழைக்கவில்லை என்பது எவர் கண்ணிலும் படாது. பெருந்தீவுகள் இரண்டிலும் இனம் முற்றும் அழிந்தது. லிட்டில் பேரியர் தீவில் அடியோடு மறைந்ததாகக் கருதிய பின்னர், 1990களின் தொடக்கத்தில் தேடி எட்டு முதியவற்றைக் கண்டுபிடித்தனர். அவற்றைக் கூண்டில் வைத்துக் காத்து, 2004இல் அத்தீவின் எலிகளை ஒழித்த பின்னரே குஞ்சுகளுக்கு வெளியில் வாழ வழி பிறந்தது.

பெயர்க் குழப்பம் இங்கும் தொடர்ந்தது. 1877இல் வால்டர் புல்லர் என்பவர், பிரதர்ஸ் தீவுகளின் டுவாட்டாரா சிறிது வேறுபட்டது என்று கண்டு, குந்தரின் பெயரால் அதைத் தனி இனம் என்று எழுதினார். பிற்காலத்தார் அதைப் பொருட்படுத்தவில்லை. எல்லாம் ஒன்றே, ஸ்டீபன்ஸ் தீவில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, கவலை எதற்கு என்றிருந்தனர். 1990இல் சார்லஸ் டாவர்ட்டியும் உடன் பணிபுரிந்தவர்களும், வகைப்பாட்டில் காட்டிய இந்த அலட்சியத்தால் தீவுக்குத் தீவு தனித்தன்மை கொண்ட கூட்டங்கள் அழிய விடப்பட்டன என்று எழுதினர். அதன் பயனாக, நார்த் பிரதர் என்ற ஏறத்தாழ நான்கு எக்டேர் பாறைத் தீவில் மட்டும் எஞ்சியிருந்தவற்றுள் சில, 1995இல் டிட்டித் தீவிலும், 1998இல் வெலிங்டன் துறைமுகத்தின் மாட்டியுத் தீவிலும் குடியேற்றப்பட்டன. பின்னர் நடந்த மரபணு ஆராய்ச்சி, தனி இனம் என்று கொள்ளும் அளவுக்கு வேறுபாடு இல்லை, எல்லாம் ஓரினமே என்று கூறிற்று. அதனால் குடியேற்றத்தை எவரும் வீண் என்று சொல்லவில்லை. 2020இல் முழு மரபணுத் தொகுதியும் வெளியாயிற்று. சுமார் 500 கோடி எழுத்துகள் கொண்டது, மனிதனுடையதைக் காட்டிலும் பெரியது. பல்லி, பாம்புகளின் மரபிலிருந்து இம்மரபு பிரிந்து ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகள் ஆயின என்பது அதன் கணக்கு. டுவாட்டாராவைத் தம் காவலில் உள்ள செல்வமாகப் போற்றும் நாட்டிவாய் என்னும் மாவோரிக் குலத்தாரோடு உடன்பாடு செய்துகொண்டு, அவர்களையும் ஆசிரியராகச் சேர்த்து வெளியிட்ட ஆராய்ச்சி அது. கிரேயின் காலத்தில் மண்டையோட்டை அனுப்பியவர் யார், எத்தீவிலிருந்து என்று கேட்பாரே இல்லை.

நியூசிலாந்தின் தென்கோடியில் உள்ள இன்வர்கார்கில் காட்சிச்சாலையில் ஹென்றி என்னும் ஆண் டுவாட்டாரா 1970 முதல் இருந்து வந்தது. அணுகிய பெண்களையெல்லாம் கடித்துத் துரத்தும் முரட்டுப் பிராணி. உடலில் இருந்த கட்டியொன்றை அறுத்து நீக்கிய பின் அதன் குணம் மாறிற்று. 2009 ஜனவரியில் அதன் முதற்குஞ்சுகள் பதினொன்று பொரிந்தன. ஹென்றிக்கு அப்போது வயது சுமார் 111 என்று மதிப்பிட்டனர்.

எலியைத் தடுக்கலாம், சட்டம் இயற்றலாம். வெப்பம் அவ்வாறு கைக்கு அடங்குவதன்று. டுவாட்டாரா முட்டையில் உள்ள குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மண்ணின் சூடு தீர்மானிக்கிறது. 21 டிகிரி செல்சியஸ் அளவில் பெரும்பாலும் பெண்கள். 22 டிகிரியைத் தாண்டினால் பெரும்பாலும் ஆண்கள். நார்த் பிரதர் தீவில் ஏற்கெனவே ஆண்களின் தொகை மிகுந்துவிட்டது. நிழல் தரும் மரம் அங்கு அதிகம் இல்லை. ஆகவே, குளிர் மிகுந்த தென் திசையை நோக்கி அவற்றைக் கொண்டு செல்லலாயினர். 2012இல் டனீடின் நகருக்கு அருகே, எலி ஏறாத வேலியிட்ட ஒரோகோனுயி என்ற காட்டில் டுவாட்டாராக்களை விட்டனர். ஸ்டீபன்ஸ் தீவின் வெயிலுக்குப் பழகியவை அவை. இந்தக் குளிரில் முட்டை பொரியுமா, பொரிந்த குஞ்சு பெண்ணா என்று பார்த்து எழுதி வருகின்றனர். அக்குஞ்சு வளர்ந்து தான் முட்டையிடுவதற்கு இன்னும் பத்து முதல் இருபது ஆண்டுகள் ஆகும்.